முடிவெடுக்காத 588 பேர்: வாக்காளர் தரவில் வேலை தேடுவோருக்கு

தேர்தல் நெருங்க நெருங்கத் தமிழ்நாட்டில் ஒரு வேலைச் சந்தை சூடுபிடிக்கும். கருத்துக்கணிப்பு நிறுவனங்கள், கட்சிகளின் ஐ.டி. விங், அரசியல் ஆலோசனை நிறுவனங்கள், செய்தித் தொலைக்காட்சிகளின் தேர்தல் குழுக்கள் எனப் பலரும் வாக்காளர் தரவைப் படிக்கத் தெரிந்தவர்களைத் தேடுவார்கள். புள்ளியியல், பொருளாதாரம், அரசியல் அறிவியல் படித்தவர்களுக்கும், பொறியியல் முடித்துப் பைத்தான் பழகியவர்களுக்கும் இது நல்ல வாய்ப்பு. இந்த வேலைக்கு முதலில் கைவர வேண்டிய கருவி லாஜிஸ்டிக் ரிக்ரஷன்.

அதை ஓட்ட ஒரு வரி நிரல் போதும். ஒரு மாலையில் கற்றுவிடலாம். ஆனால் சம்பளம் அந்த ஒரு வரிக்கு இல்லை. அதற்கு முன் யாரைக் கணக்கில் சேர்த்தோம், யாரை விட்டோம். அதற்குப் பின் வந்த எண்ணை என்ன வார்த்தையில் சொன்னோம். வேலை இந்த இரண்டிலும்தான் இருக்கிறது. பெரும்பாலான பயிற்சி வகுப்புகள் நடுவில் உள்ள அந்த ஒரு வரியை மட்டும் சொல்லிக்கொடுத்து அனுப்பிவிடுகின்றன. மற்ற இரண்டையும் கற்க எனக்குத் தெரிந்து மிகச் சிறந்த பயிற்சிக்களம் சிலி நாட்டின் 1988 தரவு. காசு கொடுக்காமல் கிடைக்கிறது, உண்மையான மனிதர்களின் பதில் அதில் இருக்கிறது, கடைசியில் தேர்தல் முடிவு என்ன ஆனது என்பதும் நமக்குத் தெரியும்.

ஆம், இல்லை, அதற்கு நடுவில்

1973 செப்டம்பர் 11 அன்று ராணுவப் புரட்சியில் சிலியின் ஆட்சியைப் பிடித்தவர் ஜெனரல் பினோசே. 15 ஆண்டுகள் கழித்து, 1988 அக்டோபர் 5 அன்று, அவர் இன்னும் எட்டு ஆண்டுகள் தொடரலாமா என்று மக்களிடம் பொதுவாக்கெடுப்பு நடந்தது. வாக்குச்சீட்டில் இரண்டே பதில்கள்: ஆம், இல்லை.

அதற்குச் சில மாதங்கள் முன்பு, ஏப்ரல், மே வாக்கில், ஃபிளாக்ஸோ என்ற சமூக அறிவியல் அமைப்பின் சிலிப் பிரிவு நாடு முழுக்க 2,700 பேரிடம் கணக்கெடுப்பு நடத்தியது. கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகச் சமூகவியலாளர் ஜான் ஃபாக்ஸ் அந்தத் தரவைத் தன் ரிக்ரஷன் பாடநூலில் பயன்படுத்தினார். இன்று ஆர் மென்பொருளில் 'கார்டேட்டா' என்ற தொகுப்பை நிறுவினால் 'சிலி' என்ற பெயரில் அது வந்துவிடும். வட்டாரம், ஊரின் மக்கள்தொகை, பாலினம், வயது, கல்வி, வருமானம், இருக்கும் ஆட்சிமுறைக்கு எவ்வளவு ஆதரவு என்ற ஓர் அளவுகோல், வாக்கு நோக்கம் என எட்டே பத்திகள்.

கடைசிப் பத்தியில்தான் விஷயம் இருக்கிறது. ஆம் என்றவர்கள் 868. இல்லை என்றவர்கள் 889. இன்னும் முடிவு செய்யவில்லை என்றவர்கள் 588. வாக்களிக்கப் போவதில்லை என்றவர்கள் 187. பதிலே பதிவாகாதவர்கள் 168.

புதிதாக வருபவர் செய்யும் முதல் காரியம், ஆம், இல்லை இரண்டையும் வைத்துக்கொண்டு மற்றவர்களை வடிகட்டிவிடுவது. லாஜிஸ்டிக் ரிக்ரஷனுக்கு இரண்டு விளைவுகள்தான் வேண்டும் என்று படித்திருக்கிறோமே! பாடநூல்களும் அப்படித்தான் செய்கின்றன. பாடம் நடத்த அது சரி. வேலையில் சரியா? வடிகட்டியதில் போனவர்கள் 943 பேர். 2,700 பேரில் இது 35 சதவீதம். மூன்றில் ஒருவரைத் தூக்கிப் போட்டுவிட்டு மக்கள் மனநிலை என்று அறிக்கை எழுதினால் அது யாருடைய மனநிலை?

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். முடிவு சொன்ன 1,757 பேரில் ஆம் என்றவர்கள் 49.4 சதவீதம். ஏறத்தாழச் சமநிலை. இந்த அளவு மாதிரிக்கு, எளிய சமவாய்ப்பு முறையில் எடுத்ததாகக் கொண்டால், மாதிரிப் பிழை இருபக்கமும் சுமார் 2.3 சதவீதப் புள்ளி. அக்டோபரில் பெட்டியைத் திறந்தபோது ஆம் சுமார் 44 சதவீதம், இல்லை சுமார் 56 சதவீதம். ஐந்து புள்ளிக்கு மேல் இடைவெளி. மாதிரிப் பிழையால் மட்டும் இவ்வளவு தள்ளிப்போகாது.

இடைவெளி எங்கிருந்து வந்திருக்கலாம்? முடிவு சொன்னவர்களில் ஒருவரும் மனம் மாறவில்லை, முடிவெடுக்காத 588 பேரும் வாக்களித்தார்கள், மற்ற இரு பிரிவினரும் வரவில்லை என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 2,345 வாக்குகள். அதில் 44 சதவீதம் என்றால் 1,032. ஏற்கெனவே 868 பேர் ஆம் சொல்லிவிட்டார்கள். மீதம் வரவேண்டியது 164 மட்டும். ஆக, முடிவெடுக்காதவர்களில் நூற்றுக்கு 28 பேர் ஆம் பக்கமும் 72 பேர் இல்லை பக்கமும் போயிருந்தாலே இந்தக் கணக்குச் சரியாகிவிடும்.

உண்மையில் அப்படித்தான் நடந்தது என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. இடையில் பிரசாரம் நடந்தது. செப்டம்பர் மாதத்தில் இரு தரப்புக்கும் நாள்தோறும் தொலைக்காட்சியில் 15 நிமிடம் தரப்பட்டது. மகிழ்ச்சி வரப்போகிறது என்ற முழக்கத்தோடு 'இல்லை' தரப்பு வானவில் சின்னத்தை ஏந்தி வந்தது அப்போதுதான். பாப்லோ லரெய்ன் 2012இல் எடுத்த 'நோ' திரைப்படம் இந்தக் கதையைத்தான் சொல்கிறது. பிரசாரம் சிலரை மாற்றியிருக்கலாம். வேறொன்றும் உண்டு: ராணுவ ஆட்சியில் வீட்டுக் கதவைத் தட்டிய அந்நியரிடம் 'ஆட்சியாளர் வேண்டாம்' என்று சொல்ல எத்தனை பேருக்குத் துணிச்சல் வரும்? 'இன்னும் முடிவு செய்யவில்லை' என்ற பதில் பலருக்குப் பாதுகாப்பான பதிலாக இருந்திருக்கும் என்பது என் கணிப்பு.

அதனால்தான் சொல்கிறேன்: விடுபட்டவர்களின் எண்ணிக்கையை அறிக்கையின் முதல் பக்கத்தில் எழுதுங்கள். வேலை தரும் மேலாளர் கேட்கும் முன்பே எழுதுங்கள்.

எண்ணை வாக்கியமாக்குவது

இனி மாடலுக்கு வருவோம். ஆம் என்பதை 1, இல்லை என்பதை 0 என்று வைத்துச் சாதாரண நேர்கோட்டு ரிக்ரஷன் போட்டால், சிலருக்கு நிகழ்தகவு 1.1 என்றும் சிலருக்கு மைனஸ் 0.1 என்றும் வந்து நிற்கும். நிகழ்தகவு 0க்குக் கீழும் 1க்கு மேலும் போகக் கூடாது. இதற்காக நிகழ்தகவை முதலில் வாய்ப்பு விகிதமாக மாற்றுகிறோம். நிகழ்தகவு 0.8 என்றால், நடக்க 0.8, நடக்காமல் போக 0.2, விகிதம் 4. இந்த 4க்கு இயல் மடக்கை எடுத்தால் 1.39. மடக்கையாக மாற்றியபின் எண் எந்தப் பக்கமும் எல்லையின்றி ஓடலாம். அங்கே நேர்கோடு போடலாம். ஜோசப் பெர்க்சன் 1944இல் இந்த மடக்கைக்கு 'லாஜிட்' என்று பெயர் வைத்தார். இருநிலை விளைவுகளுக்கான ரிக்ரஷனை இன்று நாம் பயன்படுத்தும் வடிவத்துக்குக் கொண்டுவந்ததில் 1958இல் டேவிட் காக்ஸ் எழுதிய ஆய்வுரைக்குப் பெரும் பங்குண்டு.

சிலித் தரவில், ஆட்சிமுறைக்கு ஆதரவு என்ற அளவுகோலை மட்டும் வைத்து மாடல் போட்டால் மாறிலி சுமார் 0.22, கெழு சுமார் 3.2 வரும். அளவுகோலின் சராசரி 0, ஒரு படி என்பது ஒரு திட்ட விலக்கம். இந்த 3.2ஐ மேலாளரிடம் எப்படிச் சொல்வீர்கள்?

3.2இன் அடுக்குக்குறி மதிப்பு ஏறத்தாழ 24.5. 'ஆதரவு ஒரு படி கூடினால் ஆம் என்று வாக்களிக்கும் வாய்ப்பு 24 மடங்கு கூடும்' என்று எழுதுபவர்கள் உண்டு. இது தவறு. 24 மடங்கு கூடுவது விகிதம், நிகழ்தகவு அல்ல. நிகழ்தகவு என்ன ஆகிறது என்று நேரே கணக்கிடுங்கள். அளவுகோலில் 0இல் இருப்பவருக்கு 55 சதவீதம். ஒரு படி மேலே போனால் 97 சதவீதம். ஒரு படி கீழே வந்தால் 5 சதவீதம். இந்த மூன்று எண்களைச் சொன்னால் மாவட்டச் செயலாளருக்கும் புரியும், செய்தி ஆசிரியருக்கும் புரியும். கெழு, அடுக்குக்குறி, மடக்கை எல்லாம் பின்னிணைப்புக்குப் போகட்டும்.

மனக்கணக்காக ஒரு வழி இருக்கிறது. கெழுவை 4ஆல் வகுங்கள். நிகழ்தகவு பாதிக்கு அருகில் இருக்கும் இடத்தில், ஒரு படி மாற்றத்துக்கு அதிகபட்சம் எவ்வளவு கூடும் என்பதன் தோராயம் அது. கெழு 0.4 என்றால் பத்து சதவீதப் புள்ளி. 3.2 போன்ற பெரிய கெழுவுக்கு இது மிகைப்படுத்திக் காட்டும் என்பதையும் நினைவில் வையுங்கள். கூட்டத்தில் திரையில் அட்டவணை ஓடும்போது, கெழு சிறியதா பெரியதா என்று உடனே சொல்ல இந்த வகுத்தல் போதும்.

விளக்கமா, கணிப்பா?

ஒற்றை அளவுகோலே 5 சதவீதத்திலிருந்து 97 சதவீதத்துக்குத் தூக்கிவிடுகிறது. அபாரமான மாடல் என்று தோன்றும். இங்கேதான் நிதானிக்க வேண்டும். 'இருக்கும் ஆட்சிமுறை பிடித்திருக்கிறதா?' என்ற கேள்வியும் 'ஆட்சியாளர் தொடர வாக்களிப்பீர்களா?' என்ற கேள்வியும் கிட்டத்தட்ட ஒரே கேள்வி. ஒன்றை வைத்து மற்றொன்றைச் சரியாகச் சொல்வதில் பெரிய வியப்பில்லை. யார் எப்படி வாக்களிப்பார் என்று கணிக்க வேண்டுமானால் இந்த மாறி தங்கம். ஏன் அப்படி வாக்களிக்கிறார் என்று அறிய வேண்டுமானால் இது எதையும் விளக்காது. அத்தோடு, இதை மாடலில் சேர்த்தவுடன் வயது, கல்வி, பாலினம் ஆகியவற்றின் கெழுக்களும் மாறிவிடும். காரணம், கல்வி ஒருவரின் ஆட்சி பற்றிய பார்வையை மாற்றி அதன் வழியாகவும் வாக்கை மாற்றக்கூடும். வழியில் இருக்கும் பார்வையை மாடலுக்குள் கட்டிப்போட்டால் கல்வியின் தாக்கத்தில் ஒரு பகுதி மறைந்துபோகும்.

பெண்களின் வாக்கு இதற்கு நல்ல உதாரணம். அக்காலச் சிலியில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனி வாக்குப்பதிவு மேசைகள். எனவே பெண்கள் எப்படி வாக்களித்தார்கள் என்பது கணிப்பு இல்லாமலே, எண்ணிய வாக்கிலிருந்தே தெரியும்: ஆண்களைவிடப் பெண்களிடம் 'ஆம்' கூடுதல். இந்த வேறுபாட்டை மாடலில் காட்டப் போகிறீர்கள் என்றால், முதலில் பாலினத்தை மட்டும் வைத்து ஓட்டுங்கள்; பிறகு கல்வி, வயது; கடைசியாக ஆட்சிமுறை அளவுகோல். ஒவ்வொரு படியிலும் பாலினக் கெழு எப்படி நகர்கிறது என்று எழுதுங்கள். அந்த நகர்வுதான் ஆய்வு. எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் கொட்டி, எதற்கு நட்சத்திரக் குறி விழுந்தது என்று பார்ப்பது ஆய்வு ஆகாது.

நேர்முகத் தேர்வுக்குப் போகிறவர்களுக்கு என் உறுதியான ஆலோசனை: மாடல் பற்றிக் கேட்டால், 'விளக்கத்துக்கா, கணிப்புக்கா?' என்று முதலில் திருப்பிக் கேளுங்கள். அந்தக் கேள்வி வராத இடத்தில் மாறிகளைத் தேர்ந்தெடுக்கவே முடியாது.

வகைப்படுத்தும்போது வெட்டுப்புள்ளி யாருடையது?

லாஜிஸ்டிக் ரிக்ரஷன் தருவது நிகழ்தகவு. 0.5க்கு மேல் இருந்தால் ஆம், கீழே இருந்தால் இல்லை என்று பிரிப்பது நாம் எடுக்கும் முடிவு. மென்பொருள் அந்த 0.5ஐ இயல்பாக வைத்திருப்பதால் அது இயற்கை விதி என்று நினைத்துவிடக் கூடாது. ஊசலாடும் வாக்காளர்களுக்குத் தொலைபேசியில் பேசப் போகிறது ஒரு பிரசாரக் குழு என்றால், அவர்களுக்கு வேண்டியது 0.35க்கும் 0.65க்கும் நடுவில் உள்ளவர்கள். தன் ஆதரவாளர்களைப் பூத்துக்கு அழைத்து வர வாகனம் ஏற்பாடு செய்கிறது இன்னொரு குழு என்றால், எதிர்ப்பாளரை ஏற்றிவிடாமல் இருக்க 0.85க்கு மேல் வேண்டும். தவறுக்கு யார் என்ன விலை கொடுக்கிறார்கள் என்பதுதான் வெட்டுப்புள்ளியைத் தீர்மானிக்கிறது. அதைக் கேட்டுத் தெரிந்துகொள்வது அனலிஸ்ட்டின் வேலை.

வகைப்படுத்தலைப் பழக இன்னொரு புகழ்பெற்ற தரவு உண்டு. கலிஃபோர்னியா பல்கலைக்கழகம், இர்வைன் நடத்தும் தரவுக் களஞ்சியத்தில் உள்ள 1984ஆம் ஆண்டு அமெரிக்கப் பிரதிநிதிகள் சபை வாக்குப் பதிவுகள். 435 உறுப்பினர்கள், 267 பேர் ஜனநாயகக் கட்சி, 168 பேர் குடியரசுக் கட்சி, 16 முக்கிய வாக்கெடுப்புகள். வாக்குகளை வைத்து உறுப்பினரின் கட்சியைச் சொல்ல வேண்டும். இவர்கள் வாக்காளர்கள் அல்லர், மக்கள் பிரதிநிதிகள். கைபழக இது தடையில்லை.

இதில் இரண்டு விஷயங்களைக் கற்கலாம். முதலாவது, ஒப்பிடும் அடிப்படை. எல்லோரையும் ஜனநாயகக் கட்சி என்று கண்ணை மூடிச் சொன்னாலே 61 சதவீதம் சரியாக வரும். ஆகவே 70 சதவீதத் துல்லியம் என்று பெருமைப்பட ஒன்றுமில்லை. மறுபுறம், மருத்துவர் கட்டணத்தை உறையவைக்கும் மசோதா என்ற ஒற்றை வாக்கெடுப்பை எடுத்துக்கொண்டால், ஜனநாயகக் கட்சியினரில் 245 பேர் எதிர்ப்பு, 14 பேர் ஆதரவு; குடியரசுக் கட்சியினரில் 163 பேர் ஆதரவு, 2 பேர் எதிர்ப்பு. இந்த ஒன்றை மட்டும் பார்த்தே 424 பேரில் 408 பேரின் கட்சியைச் சொல்லிவிடலாம், 96 சதவீதம். நீங்கள் 16 மாறிகளைப் போட்டுக் கட்டிய மாடல் இதைத் தாண்டுகிறதா என்று பார்த்த பிறகே பேச வேண்டும். இதையும் தாண்டி ஒரு மாறி இரு பிரிவுகளையும் முழுமையாகவே பிரித்துவிட்டால் கெழு கட்டுக்கடங்காமல் பெரிதாகும், திட்டப் பிழையும் ஊதிப்போகும். திரையில் கெழு 25, திட்டப் பிழை 4,000 என்பது போல ஏதாவது தெரிந்தால் பயப்பட வேண்டாம். எந்த மாறி பிரிக்கிறது என்று குறுக்கு அட்டவணை போட்டுப் பாருங்கள்.

இரண்டாவது, கேள்விக்குறி. அந்தத் தரவில் பல கட்டங்களில் வெறும் கேள்விக்குறி இருக்கும். விடுபட்ட மதிப்பு என்று எண்ணி ஓடிப்போய்ச் சராசரியைக் கொண்டு நிரப்புகிறார்கள். தரவோடு வரும் குறிப்பேடு தெளிவாகச் சொல்கிறது: அது தெரியாத மதிப்பு அல்ல, அந்த உறுப்பினர் ஆதரவாகவோ எதிராகவோ நிலை எடுக்கவில்லை என்று பொருள். அரசியலில் நிலை எடுக்காமல் இருப்பதும் ஒரு நிலைதான். அதை மூன்றாவது வகையாக வைக்க வேண்டும். சிலியின் முடிவெடுக்காதவர்களும் இந்தக் கேள்விக்குறியும் ஒரே பாடத்தைத்தான் சொல்கின்றன. குறிப்பேட்டைப் படிக்காமல் ஒரு வரி நிரலும் எழுதாதீர்கள்.

மாடல் நம்பத்தக்கதா என்று சோதிக்கத் துல்லியச் சதவீதத்தை மட்டும் பார்க்க வேண்டாம். தரவில் ஒரு பகுதியை ஒதுக்கிவைத்து, மாடல் 70 சதவீதம் என்று சொன்னவர்களைத் தனியே திரட்டுங்கள். அவர்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 70 பேர் ஆம் சொல்லியிருக்கிறார்களா? 30 சதவீதம் என்றவர்களில் 30 பேர்? இந்த ஒப்பீடு சரியாக அமைந்த மாடலைத் தைரியமாக மேசையில் வைக்கலாம்.

கருவிகள் வைக்கும் பொறிகள்

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆர் மென்பொருளின் ஜி.எல்.எம். கட்டளைக்குச் சிலியின் வாக்குப் பத்தியை அப்படியே கொடுத்தால், ஆங்கிலக் குறியீட்டின் அகரவரிசையில் முதலில் வரும் 'வாக்களிக்கப் போவதில்லை' என்ற வகையை 0 என்றும் மற்ற மூன்றையும் 1 என்றும் எடுத்துக்கொள்ளும். பிழைச் செய்தி வராது. அழகான அட்டவணை வரும், அர்த்தம் இருக்காது. பைத்தானில் ஸ்டாட்ஸ்மாடல்ஸின் லாஜிட் கட்டளை மாறிலியைத் தானாகச் சேர்க்காது. நாம்தான் சேர்க்க வேண்டும். சைக்கிட்-லேர்ன் கெழுக்களை இயல்பாகவே சுருக்கிவிடும். கணிப்புக்கு அது உதவும். ஆனால் அதே கெழுக்களை ஆய்வறிக்கையில் விளக்கமாக எழுதினால், ஆர் மென்பொருளில் சரிபார்ப்பவருக்கு வேறு எண் வரும், நம்பகம் போய்விடும்.

தமிழ்நாடு போல நான்கு முனைப் போட்டி நடக்கும் இடத்தில் இருநிலை மாடல் போதாது. பல வகைகளுக்கான மல்டினோமியல் வடிவம் வேண்டும். கார்டேட்டா தொகுப்பிலேயே பிரிட்டனின் 1997-2001 தேர்தல் ஆய்வுத் தரவு இருக்கிறது: 1,525 பேர், மூன்று கட்சிகள். சிலியை முடித்தவுடன் அதற்குப் போகலாம்.

களத்திலிருந்து வரும் எண்

வாக்குப் பெட்டி தரும் முடிவு பூத் வாரியாகத்தான் கிடைக்கும். யார் யாருக்குப் போட்டார் என்பது ரகசியம். எனவே தனிமனிதரின் மனப்போக்கை அறியக் கணக்கெடுப்பு ஒன்றே வழி. இந்தியாவில் இதைப் பல்லாண்டுகளாகச் செய்துவருவது டெல்லியின் வளரும் சமுதாய ஆய்வு மையத்தைச் சேர்ந்த லோக்நீதி. வாக்கு பற்றிய கேள்வி வரும்போது, பதில் சொல்பவரிடம் மாதிரி வாக்குச்சீட்டைக் கொடுத்து, தாமே குறியிட்டு ஒரு பெட்டியில் போடச் சொல்வது அவர்களின் வழக்கம். பக்கத்தில் நிற்கும் மாமியாரோ மேலத்தெருக்காரரோ காதில் வாங்க முடியாது. ஆயிரம் வரி நிரலைவிட இந்தப் பெட்டி தரவின் தரத்தைக் கூட்டும். வேலையில் சேர்ந்தவுடன் ஒரு வாரமாவது களப்பணியாளரோடு வெயிலில் நடந்து பாருங்கள். எந்தக் கேள்விக்கு மக்கள் தயங்குகிறார்கள், எந்த வீட்டில் பெண்ணுக்குப் பதிலாக ஆண் பதில் சொல்கிறார் என்பதெல்லாம் எக்செல் கோப்பில் தெரியாது.

மாதிரி கோணலாக இருந்தால் என்ன செய்வது? 2012 அமெரிக்க அதிபர் தேர்தலின்போது எக்ஸ்பாக்ஸ் விளையாட்டுக் கருவி வழியாகக் கருத்துக் கேட்டார்கள். பதில் சொன்னவர்களில் 93 சதவீதம் ஆண்கள். ஆண்ட்ரூ கெல்மன் உள்ளிட்ட ஆய்வாளர்கள், பலநிலை லாஜிஸ்டிக் ரிக்ரஷன் போட்டு, வயது, பாலினம், கல்வி முதலிய ஒவ்வொரு சிறு பிரிவுக்கும் நிகழ்தகவைக் கணித்து, உண்மை வாக்காளர்களில் அப்பிரிவுக்கு உள்ள எடையால் பெருக்கித் தேசிய மதிப்பீட்டை மீட்டெடுத்தார்கள். எம்.ஆர்.பி. என்று சுருக்கமாக அழைக்கப்படும் இதே வழியில்தான் 2017இல் பிரிட்டனில் யூகவ் நிறுவனம் எந்தக் கட்சிக்கும் பெரும்பான்மை கிடைக்காது என்று முன்கூட்டிச் சொன்னது. அப்படியே நடந்தது. இந்தத் துறையில் மேலே போக நினைப்பவர்கள் அடுத்துக் கற்க வேண்டியது இதைத்தான்.

விண்ணப்பத்தோடு இணைக்க ஒரு சிறு ஆய்வு கட்டாயம் வேண்டும். சிலித் தரவில் முடிவு சொன்ன 1,757 பேரை வைத்து மாடல் கட்டுங்கள். அதை முடிவெடுக்காத 588 பேர் மேல் ஓட்டி, எத்தனை பேர் எந்தப் பக்கம் சாய்வார்கள் என்று கணியுங்கள். அக்டோபர் முடிவோடு ஒப்பிடுங்கள். ஒரே அளவுகோல் மதிப்பு உள்ள இருவரில், முடிவு சொன்னவரும் சொல்லாதவரும் ஒரே மாதிரி வாக்களிப்பார்கள் என்று உங்கள் மாடல் எடுத்துக்கொண்டிருக்கிறது. அது சரியா என்று ஒரு பத்தி எழுதுங்கள். மொத்தம் இரண்டு பக்கம், ஒரு வரைபடம். பத்துச் சான்றிதழ்களைவிட இந்த இரண்டு பக்கம் உங்களைப் பற்றி அதிகம் சொல்லும்.

சட்டமும் ரகசியமும்

இந்த வேலையில் சட்டம் தெரியாமல் இருக்கக் கூடாது. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 126ஏ பிரிவு, தேர்தல் ஆணையம் அறிவிக்கும் காலத்தில் வாக்குக்குப் பிந்தைய கணிப்புகளை வெளியிடுவதைத் தடை செய்கிறது. மீறினால் இரண்டு ஆண்டுகள் வரை சிறை, அபராதம் அல்லது இரண்டும். 2024 மக்களவைத் தேர்தலில் தமிழ்நாடு ஏப்ரல் 19 அன்றே வாக்களித்துவிட்டது. கடைசிக் கட்டம் ஜூன் 1. அதுவரை ஆறு வாரங்கள் எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு வாயை மூடியிருக்க வேண்டும். நண்பர்கள் வாட்ஸ்அப் குழுவில்கூடக் கசியவிடக் கூடாது.

தனிநபர் தகவல் இன்னும் கவனமாகக் கையாள வேண்டியது. கேம்பிரிட்ஜ் அனாலிட்டிகா விவகாரத்தில் 8.7 கோடிப் பேர் வரையிலான பயனாளர்களின் தகவல் முறையின்றிப் பகிரப்பட்டிருக்கலாம் என்று ஃபேஸ்புக் 2018இல் ஒப்புக்கொண்டது. அதில் இந்தியர்கள் சுமார் 5.6 லட்சம். அந்த நிறுவனம் அதே ஆண்டு மூடப்பட்டது. இந்தியாவிலும் 2023இல் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியிருக்கிறது. சாதி, மதம், வாக்கு விருப்பம் மூன்றும் ஒரே வரிசையில், பெயரோடும் தொலைபேசி எண்ணோடும் இருக்கும் கோப்பு ஒரு குடும்பத்துக்கு ஆபத்தாக முடியலாம். அப்படி ஒரு கோப்பு உங்கள் மேசைக்கு வந்தால், இதை யார் திரட்டினார்கள், பதில் சொன்னவர்களிடம் ஒப்புதல் வாங்கினார்களா என்று எழுத்தில் கேளுங்கள். பதில் வரவில்லை என்றால் அந்தக் கோப்பைத் திறக்காதீர்கள். வேலையே போனாலும் சரி.